எந்த மருந்து, எந்த நாளில்? வாசகர் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

போன இதழில் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இப்போது மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பாதிப் பேர், ரஷ்யா இலவசமாகத் தரப்போவதாக 2024 டிசம்பரில் சுற்றிய செய்தியை அனுப்பி, “எப்போது வரும்?” என்று கேட்டிருக்கிறார்கள். அறிவிப்பு வேறு, நோயாளிகளிடம் சோதித்த முடிவு வேறு. அதற்கு மேல் அந்தச் செய்தியில் பேச ஒன்றுமில்லை. மற்றவர்கள் கேட்டிருப்பதுதான் உருப்படியான கேள்வி: கீமோவும் தடுப்பூசியும் ஒன்றாக இருக்க முடியுமா? வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்பதால் பெயரை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

“அம்மாவுக்கு 58 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் வெள்ளை அணு கவுண்ட் இறங்கிவிடுகிறது. கீமோவோடு தடுப்பூசியும் சேர்த்தால் நல்லது என்று படித்தேன். எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்பில் தடுப்பூசி என்ன செய்யும்?” (வாசகி, கரூர்)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஹெச்.பி.வி. ஊசி, இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் அந்த வைரஸ் உள்ளே வராமல் தடுப்பது. அது உங்கள் அம்மாவுக்கு இப்போது பயன்படாது. நீங்கள் படித்தது சிகிச்சைத் தடுப்பூசி. இருக்கிற கட்டியை அடையாளம் காட்டி, “இதை அடி” என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊசி. இரண்டையும் தடுப்பூசி என்றே அழைப்பதால் வரும் வம்பு கொஞ்சநஞ்சமில்லை.

உங்கள் சந்தேகம் எனக்கும் வெகுகாலம் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கீமோ வார்டில் இருந்தவள் நான். கவுண்ட் இறங்கிய நோயாளியின் கட்டிலருகே முகமூடி இல்லாமல் ஒருவரையும் விட்டதில்லை. அந்த நாட்களில் தடுப்பூசி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்களின் வேலை. அவர்கள் எடுத்துக்கொண்டதும் இதே நோய், இதே இரண்டு மருந்துகள் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுண்ட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே வகை அணு இல்லை. வெள்ளை அணுக்களில் பல சாதி உண்டு. கிருமி வந்தால் முதலில் ஓடும் நியூட்ரோஃபில் ஒன்று. அது குறைந்தால்தான் நாங்கள் பதறுவோம். கட்டியை அடிக்கக் கூடிய டி செல் இன்னொன்று. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயில் மூன்றாவதாக ஒரு கூட்டம் ரத்தத்தில் பெருகிக் கிடக்கும். நியூட்ரோஃபிலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அதே எலும்பு மஜ்ஜையில் பிறந்தது. ஆனால் அது வேலை செய்வது கட்டிக்குச் சாதகமாக. டி செல்லின் கையைப் பிடித்துக்கொண்டு விடாது. மருத்துவத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, நாம் தடைபோடும் அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம்.

லைடன் குழு முதலில் எலிகளிலும் பிறகு நோயாளிகளிலும் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தது. கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும் ஏற ஏற அந்தத் தடைபோடும் கூட்டம் வற்றியது. டி செல்களின் வேலைத்திறனோ பெரிதாகக் கெடவில்லை. இரண்டாவது சைக்கிள், அதாவது இரண்டாவது சுற்று கீமோ, முடிந்து இரண்டு வாரம் ஆனபோது நிலைமை தோதாக இருந்தது. அடைத்துக்கொண்டு நின்றவர்கள் போய்விட்டார்கள், அடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கீமோவுக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி. தடுப்பூசியை அந்த நாளில் போட்டார்கள். மூன்றாவது, நான்காவது சைக்கிளுக்குப் பிறகும் அதே கணக்கில் போட்டார்கள்.

ஆக, “இன்றைக்கு கவுண்ட் குறைவு” என்று லேப் சீட்டைப் பார்த்து நீங்கள் கலங்கும் நாட்களை ஒட்டியே தடுப்பூசிக்கு ஒரு சந்து திறக்கிறது. அதை விட்டுவிட்டு கீமோ நாளிலேயே போட்டால் கதை வேறு. பேக்லிடாக்சலுக்கு முன்னால் ஒவ்வாமை வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்போம் இல்லையா? அந்த ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தூங்கவைக்கும். கீமோ அன்றைக்கே தடுப்பூசியையும் குத்தினால் தூங்குகிறவனிடம் பாடம் நடத்திய மாதிரி ஆகும்.

அந்தத் தடுப்பூசி ஹெச்.பி.வி. 16 வைரஸின் இரண்டு புரதங்களிலிருந்து எடுத்த நீளமான துண்டுகளைச் செயற்கையாகச் செய்து சேர்த்தது. 77 பெண்களுக்குக் கொடுத்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. அளந்து பார்க்க முடிந்த 72 பேரில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. தடுப்பூசிக்கு உடம்பு நன்றாகப் பதில் சொன்ன பாதிப் பேர், சுமாராகச் சொன்ன மறுபாதியைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள்.

இங்கேதான் நான் பிரேக் போடுகிறேன். அந்தச் சோதனையில் கீமோ மட்டும் பெற்ற ஒரு குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கட்டி சுருங்கியதில் கீமோவின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு? நன்றாகப் பதில் சொன்ன உடம்பு எப்படியும் கொஞ்சம் தெம்பான உடம்பாக இருந்திருக்கலாமே? அதனால் அந்த ஊசியை மருந்துக் கடையில் கேட்காதீர்கள், கிடைக்காது. அம்மாவின் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: பெம்ப்ரோலிசுமாப். அது தடுப்பூசி இல்லை, டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் மருந்து. திரும்ப வந்த கருப்பை வாய்ப் புற்றுநோயில், கட்டியில் பி.டி.எல்.1 என்ற குறி இருந்தால், கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது ஆயுள் கூடுகிறது என்று 617 பேரிடம் நடந்த சோதனையில் 2021இல் காட்டியிருக்கிறார்கள். விலை கையைக் கடிக்கும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டோமே என்ற எண்ணம் பிற்பாடு ரொம்பப் படுத்தும்.

“கீமோ என்பதே விஷம் என்கிறார் எங்கள் சித்த வைத்தியர். விஷம் எப்படி டாக்டர் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்?” (வாசகர், சிவகாசி)

வைத்தியர் சொன்னதில் பாதி உண்மை, மறுப்பதற்கில்லை. சைக்ளோபாஸ்பமைடு என்று ஒரு மருந்து, அமெரிக்காவில் 1959இல் அனுமதி பெற்றது, இன்றும் மார்பகப் புற்றுநோயில் தினம் தினம் ஏற்றுகிறோம். அது போர்க்களத்து மஸ்டர்ட் வாயுவின் வம்சத்தில் வந்ததுதான். ஆனால் வைத்தியருக்கே தெரிந்த சங்கதி ஒன்று உண்டே: மருந்தா விஷமா என்பதை அளவுதான் சொல்லும்.

ஊரில் சண்டை மூண்டால் இளவட்டங்களை “விடுங்கப்பா, விடுங்கப்பா” என்று இழுத்துப் பிடிக்கிற பெரியவர்கள் இருப்பார்கள். டி செல்களிலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. சாதாரண நாளில் அவர்கள் இல்லாவிட்டால் உடம்பு தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். கட்டி விஷயத்தில் அந்தச் சமாதானமே வினை. சைக்ளோபாஸ்பமைடைக் குறைந்த அளவில் கொடுத்தால் இந்தப் பெரியவர்கள்தான் முதலில் ஒதுங்குகிறார்கள். 1982இலேயே ராபர்ட் நார்த் என்பவர் எலிகளில் இதைக் காட்டிவிட்டார்.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் வந்த 28 பெண்களிடம் ஒரு தடுப்பூசியோடு இதைப் படிப்படியாக அளந்து பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது. தடுப்பூசிக்கு முந்தைய நாள் சைக்ளோபாஸ்பமைடு, ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து டாக்ஸோரூபிசின். உடம்புப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு முதலாவது 200 மில்லிகிராம், இரண்டாவது 35 மில்லிகிராம் என்ற அளவில்தான் எதிர்ப்பாற்றல் நன்றாக எழுந்தது. சைக்ளோபாஸ்பமைடை அதற்கு மேல் கூட்டினால் மங்கிப்போனது. நாங்கள் வார்டில் வழக்கமாக ஏற்றுவது 600, 60. அதாவது சைக்ளோபாஸ்பமைடில், கட்டியைக் கொல்லக் கொடுக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் தடுப்பூசிக்குத் தோழன். முழு அளவு அதற்கு எதிரி. அதிகம் கொடுத்தால் அதிகம் பலன் என்று பழகிப்போன என் கைக்கு இந்தக் கணக்கு ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆனது.

டாக்ஸோரூபிசின் என்றால் தெரியாது, “சிவப்பு மருந்து” என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயந்துபோய் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். இந்தச் சிவப்பு மருந்து கட்டியைக் கொல்லும் விதமே தனி என்று பாரிஸ் பக்கத்திலுள்ள வில்ஜூயிஃபில் கிடோ குரோமர், லாரன்ஸ் ஸிட்வோகல் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2005 முதல் வரிசையாகக் காட்டினார்கள். செல்கள் தினமும் கோடிக்கணக்கில் சத்தமில்லாமல் சாகின்றன, எதிர்ப்பாற்றல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிவப்பு மருந்தால் சாகும் செல்லோ, உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை வெளித்தோலில் கொண்டுவந்து வைக்கிறது. அடுக்களைப் பானை நடுத்தெருவில் கிடந்தால் அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்க்க மாட்டார்களா? அப்படி டென்ட்ரிடிக் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் அணுக்கள் ஓடிவந்து, செத்த செல்லை விழுங்கி, அதன் அடையாளத்தை டி செல்லிடம் காட்டுகின்றன. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கும் இந்தக் குணம் உண்டு. எல்லா கீமோ மருந்துக்கும் கிடையாது. “கீமோ” என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

“அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி, போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. நியூயார்க்கில் கணையப் புற்றுநோய்க்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வெற்றி என்கிறார்கள். அது வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?” (வாசகர், நாகர்கோவில்)

தள்ளிப்போடாதீர்கள். காரணம் பிறகு, பதில் முதலில்.

நீங்கள் சொல்வது மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரன் குழு செய்தது. ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மரபணுவைப் படித்து, அந்த ஒரு நோயாளியின் கட்டிக்கு மட்டுமே உரிய மாற்றங்களில் அதிகபட்சம் இருபதைப் பொறுக்கி, அவருக்கென்றே ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனம் ஊசி தயாரித்தது. தையற்கடைச் சட்டை மாதிரி, இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆபரேஷன் முடிந்து சுமார் ஒன்பது வாரத்தில் முதல் ஊசி. நடுவில் பிரேக்கை விடுவிக்கும் அடிஸோலிசுமாப் ஒரு டோஸ்.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். லைடனில் கீமோ முதலில், ஊசி நடுவில். நியூயார்க்கில் ஊசிகள் முதலில், அதற்கப்புறம் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற பல மருந்துக் கீமோ பன்னிரண்டு சைக்கிள், கடைசியில் ஒரு பூஸ்டர். அவ்வளவு கடுமையான கீமோவில் தடுப்பூசி வளர்த்த டி செல்கள் அழிந்துவிடும் என்றுதான் பலர் பயந்தோம். தாக்குப்பிடித்து நின்றன. ஊசி போட்ட 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் நன்றாக எழுந்தன. மூன்று வருடத்துக்கு மேல் கண்காணித்து 2025இல் சொன்ன கணக்கில் அந்த எட்டில் ஆறு பேருக்கு நோய் திரும்பவில்லை. எழாத எட்டுப் பேரில் ஏழு பேருக்குத் திரும்பியது.

கேட்கக் கேட்க நெஞ்சு நிறைகிறது, ஆனால் 16 பேர் என்பது ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடும் கூட்டம். ஆயிரம் பேரிடம் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதே கணையத்தில் ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனில் 1,062 நோயாளிகள். ஆபரேஷன் செய்ய முடியாத நிலை, தடுப்பூசியும் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரிவுக்கு கீமோ மட்டும், ஒரு பிரிவுக்கு கீமோ முடித்துத் தடுப்பூசி, ஒரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. 2014இல் முடிவு வந்தது. சராசரியாக வாழ்ந்தது முறையே 7.9, 6.9, 8.4 மாதம். தடுப்பூசியால் லாபமில்லை என்று மூடிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்கள் மாறுமா என்ன?

நியூயார்க் ஊசியின் பெரிய சோதனை இப்போது நடக்கிறது. அதிலும் கீமோ எல்லோருக்கும் உண்டு. கீமோவை விட்டுவிட்டு ஊசி என்று அவர்களே செய்யவில்லை. அப்பாவின் காயம் ஆறியதும் டாக்டர் சொல்லும் தேதியில் ஆரம்பித்துவிடுங்கள்.

“ஒரு கிளினிக்கில் டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி என்று பல லட்சம் கேட்கிறார்கள். அண்ணனுக்காக நகையை விற்கலாமா என்று அண்ணி யோசிக்கிறார்.” (வாசகர், கோயம்புத்தூர்)

அண்ணியை நகையை லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள்.

முறையே பொய் என்று சொல்லமாட்டேன். நோயாளியின் ரத்த அணுக்களை எடுத்து வெளியே பயிற்சி கொடுத்துத் திரும்ப ஏற்றும் சிப்பூலூசெல்-டி என்ற தடுப்பூசிக்கு, புராஸ்டேட் புற்றுநோய்க்காக 2010இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 512 பேரிடம் சோதித்து, சராசரி ஆயுள் சுமார் நான்கு மாதம் கூடியது என்று காட்டினார்கள். அன்றைய விலை 93,000 டாலர். நம் அடையாறு புற்றுநோய் மையத்திலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டென்ட்ரிடிக் செல் ஊசி தயாரித்து, கூடவே சிஸ்பிளாட்டின் கீமோவும் கொடுத்து ஒரு சின்ன ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். அது ஆய்வு. செய்து முடித்து, எழுதி, நாலு பேர் குறை சொல்ல இடம் கொடுத்து வெளியிட்டது.

உங்களிடம் பணம் கேட்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா? ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் எங்கே? இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை அந்த அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அனுமதி பெற்றது என்றால் எந்த நோய்க்கு, எந்த நிலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிலுக்கு ஆல்பம் மாதிரி ஒரு போட்டோ புத்தகத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். என் சொந்தக்காரர் ஒருவருக்கு இப்படி ஓரிடத்தில் ஊசி போட்டார்கள். நடந்துகொண்டிருந்த கீமோவை “உடம்பைக் கெடுக்கும்” என்று சொல்லி நிறுத்தவும் வைத்தார்கள். மூன்று மாதத்தில் நுரையீரல் நிறைந்துவிட்டது. ஊசியைவிட அந்த நிறுத்தச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“மனைவிக்குக் கீமோ ஓடுகிறது. மழைக்காலம், வீட்டில் எல்லோருக்கும் சளி. அவளுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?” (வாசகர், திருவாரூர்)

போடலாம், போட வேண்டும். கையில் குத்தும் செயலிழந்த வைரஸ் ஊசிதான், மூக்கில் விடும் உயிருள்ள மருந்து வேண்டாம். கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பு போட்டிருந்தால் உத்தமம். தொடங்கிவிட்டதால் இரண்டு சைக்கிளுக்கு நடுவில் எந்த நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள ஊசிகள் கீமோ முடிந்து குறைந்தது மூன்று மாதம்வரை கூடாது. வீட்டில் மற்ற எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நீங்களும்தான். ஆண்கள் எப்போதும் இதில் நழுவிவிடுவார்கள்.

“பிறந்த குழந்தைக்குத் தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியைப் புற்றுநோய்க்கும் போடுகிறார்களாமே, நிஜமா?” (வாசகி, தேனி)

நிஜம். புதுசும் இல்லை. கனடாவில் அல்வாரோ மொராலிஸ் என்பவர் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்தி 1976இல் எழுதினார். இன்றைக்கும் மேலோட்டமாக இருக்கும், ஆனால் திரும்ப வர அதிக வாய்ப்புள்ள சிறுநீர்ப்பைக் கட்டிக்கு அதுதான் முதல் மருந்து. தோளில் குத்துவதில்லை, குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம்.

என் அப்பாவுக்கே இது நடந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்த அன்றைக்கே பைக்குள் ஒரு டோஸ் மைட்டோமைசின் விட்டார்கள், அது கீமோ. புண் ஆற மூன்று வாரம் விட்டு, அப்புறம் பி.சி.ஜி. கீமோ முதலில், எதிர்ப்பாற்றல் பிறகு, நடுவில் எண்ணிவைத்த நாட்கள். புண் ஆறுவதற்கு முன்பே விட்டால் பி.சி.ஜி.யில் இருக்கும் உயிருள்ள கிருமி ரத்தத்தில் ஏறிவிடும், அதனால் ஒரு நாள்கூட அவசரப்படவில்லை. மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹிண்டு பேப்பர் படித்துக் காட்டுவேன். ஆறாவது வாரம் முடிந்து ஆட்டோவில் வரும்போது சட்டையை விலக்கி இடது தோள் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இவன் இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தான்” என்றார்.